மாமியின் கண்ணீரும் ஹக்கல மரப்பட்டையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். மாமியிடம் கேட்டு, அவர் "எழுது மகள், ஆருக்காவது பிரயோசனப்பட்டாச் சரி" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கட மாமா மவுத்தான அன்று பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. வாப்பாவின் ராத்தாவான மாமி மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. முகம் கோணி, உதடு நடுங்கி, விம்மலும் வந்தது. ஆனால் கன்னம் காய்ந்து கிடந்தது. குசினிப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நாப்பது வருஷம் வாழ்ந்த மனுசன். ஒரு சொட்டுத் தண்ணி வரல்லியே கண்ணுல." மாமிக்கும் அது கேட்டது என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். இத்தா இருந்த காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தையோடுதான் இருந்திருக்கிறார்.

உண்மையில் மாமிக்கு அதற்குப் பல வருடம் முன்னரே கண்ணீர் நின்றுவிட்டது. "கண்ணுக்குள்ள மண் அள்ளிப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று எப்போதும் சொல்வார். சூடடிப்புக் காலத்துத் தூசு என்றோம். கண்ணூறு என்று ஓதியும் பார்த்தார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று தடவை மாற்றிக் கொடுக்கப்பட்டது. கை விரல் மூட்டுகள் வீங்கி, சுபஹுக்கு எழும்பி வுழூச் செய்யப் பைப்பைத் திருக முடியாமல் போனது வேறு கதை. அதற்கு வேறு மருந்து, வேறு டொக்டர். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் தண்ணீர் இல்லாமல் தொண்டையில் இறங்காது. அதை யாரும் வருத்தம் என்றே எண்ணவில்லை. கண், வாய், மூட்டு மூன்றும் மூன்று இடத்தில் இருப்பதால் மூன்று சங்கதி என்றே நினைத்தோம்.

நான்கு வருடம் கழித்து ஒரு கிளினிக்கில் ஓர் இளம் பெண் டொக்டர் மாமியின் கண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணைப் பற்றிக் கேட்காமல், "அம்மா, பிஸ்கட் சாப்பிடத் தண்ணி வேணுமா? காலையில விரல் மடக்க ஏலுமா?" என்று கேட்டார். பிறகு இரண்டு கீழ் இமைகளிலும் சிறு கடதாசித் துண்டைக் கொழுவி ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்கச் சொன்னார். எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்து வடிதாள் மாதிரி ஒரு துண்டு. கண்ணீர் அதில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று மில்லிமீற்றரில் அளப்பார்கள். ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் கண் வறண்டது என்று அர்த்தம். மாமியின் கடதாசி அப்படியே காய்ந்து வந்தது.

அந்தக் கடதாசியைத் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. நான் டொக்டர் இல்லை. வரலாறு படிப்பிக்கிற டீச்சர். அதனால் வரலாற்றுப் பக்கமாகத்தான் எனக்குப் போகத் தெரிந்தது.

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் ஷிர்மர் பரிசோதனை. ஒட்டோ ஷிர்மர் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1903இல் அதை எழுதி வைத்தார். நூற்றியிருபது வருடம் தாண்டியும் மாறாமல் நிற்கிறது. மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு கடதாசியும் ஐந்து நிமிடமும் போதும். கண்ணீர் குறைகிறது என்பது அந்தக் காலத்து வைத்தியர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. லண்டனில் ஹடன் என்பவர் 1888இல் வாய் உலர்ந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி அறிக்கை கொடுத்திருக்கிறார். அவளுக்குக் கண்ணீரும் வரவில்லை என்றும் குறித்திருக்கிறார். கருவிழியில் நூல் நூலாகத் தொங்குகிற ஒரு நோயை ஜேர்மனியில் லேபர் என்பவர் அதற்கும் முன்னரே விவரித்திருந்தார். துண்டு துண்டாக எல்லாம் இருந்தது. சேர்த்துக் கட்டத்தான் ஆள் இல்லை.

சேர்த்தவர் ஹென்றிக் ஷோக்ரன். சுவீடன் நாட்டுக்காரர், 1899இல் ஷேப்பிங் என்ற சிறு பட்டணத்தில் பிறந்தவர். ஸ்டொக்ஹோமில் வைத்தியம் படித்தார், அவருடைய மனைவியும் கண் டொக்டர். 1930ஆம் ஆண்டளவில் ஒரு பெண் அவரிடம் வந்தாள். கண் வறட்சி, வாய் வறட்சி, மூட்டு வலி. மாமியின் பட்டியல் அப்படியே. வேறு யாராவது என்றால் கண்ணுக்கு மருந்து கொடுத்து, மூட்டுக்கு வேறு ஆளிடம் அனுப்பியிருப்பார்கள். ஷோக்ரன் அதே மாதிரி இன்னும் பெண்கள் இருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினார். 1933இல் தன் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை ஜேர்மன் மொழியில் சமர்ப்பித்தபோது அதில் 19 நோயாளிகள் இருந்தார்கள். 19 பேரும் பெண்கள். பெரும்பாலானவர்களுக்கு மூட்டு நோய் இருந்தது. கண்ணின் மேற்பரப்பில் காய்ந்து செத்த இடங்களைக் காட்ட ரோஸ் பெங்கால் என்ற ஒரு சிவப்புச் சாயத்தைச் சொட்டிப் பார்த்தார், கண்ணீர்ச் சுரப்பியை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவர் சொன்ன முடிவு சுருக்கமானது: இது கண் நோய் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிற ஒரு நோய் கண்ணில் முகத்தைக் காட்டுகிறது.

பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல புள்ளி கிடைக்கவில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் அங்கு விரிவுரையாளராகத் தொடர்வதற்குத் தேவையான தகுதியை அந்த ஆய்வுக்குக் கொடுக்கவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற எங்களுக்கெல்லாம் இது ஒரு பாடம்தான், வேறென்ன. ஷோக்ரன் தலைநகரை விட்டு யோன்ஷேப்பிங் என்ற வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே கண் பிரிவை நடத்தினார். அந்த ஆய்வு ஜேர்மன் மொழியிலேயே கிடந்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இல் புரூஸ் ஹமில்டன் என்ற அவுஸ்திரேலியக் கண் டொக்டர் அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகுதான் உலகம் கண்டுகொண்டது, நோய்க்கும் அவர் பெயரையே வைத்தது. பேராசிரியர் என்ற பட்டத்தை சுவீடன் அரசு 1961இல் கொடுத்தது. ஆய்வைச் சமர்ப்பித்து 28 வருடம். 1986இல் இறந்தார்.

ஷோக்ரன் சேர்த்துக் கட்டிய அதே காலத்தில் மற்றப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு விழுந்தது. மூட்டுவாதம், லூபஸ், தோல் தடித்து இறுகும் ஸ்கிளிரோடேர்மா, இவையெல்லாம் தனித்தனி நோயாகவே இருந்தன. 1942இல் நியூயோர்க்கில் கிளெம்பெரர் என்ற நோயியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் லூபஸையும் ஸ்கிளிரோடேர்மாவையும் ஒரு குடும்பத்தில் சேர்த்தார்கள். உடம்பை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் தொடுப்பிழையத்தில் நடக்கும் கோளாறு இது என்றார்கள். ஏ.எல். உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். தொடுப்பிழையம் இல்லாத இடம் உடம்பில் இல்லை. மூட்டில் இருக்கிறது, தோலில் இருக்கிறது, இரத்தக் குழாயில் இருக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியே முழுக்கத் தொடுப்பிழையம்தான். அப்படியென்றால் கண் எப்படித் தப்பும்?

ஏன் வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், எங்கள் உடம்பின் காவல் படையே ஆள் மாறி அடிக்கிறது என்பது. கிருமியை அடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் கூட்டமாகப் புகுந்து அதை மெல்ல அழிக்கின்றன. காவலுக்கு வைத்த ஆள் வீட்டுக்காரனையே கள்ளன் என்று பிடித்த மாதிரி. இரத்தத்தில் இதைக் காட்டிக்கொடுக்கிற இரண்டு பிறபொருளெதிரிகளுக்கு ரோ, லா என்று பெயர். என்ன பெயர் இது என்று தேடினேன். அவற்றை முதலில் கண்டுபிடிக்க இரத்தம் கொடுத்த நோயாளிகளின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளாம். டொக்டருடைய பெயரை நோய்க்கு வைத்த உலகத்தில், நோயாளியின் பெயரில் இரண்டு எழுத்தாவது ஒட்டியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். டெனிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலிருந்து இடையில் விலகியபோது சொன்ன காரணம் இதே ஷோக்ரன் நோய்தான். அவருக்கே பெயர் தெரிய வருடக்கணக்காகியது என்றால், வயல்கரையில் இருக்கும் மாமிக்கு எவ்வளவு ஆகும்?

ஓர் இடைச்செருகல். எங்கள் ஊர் குறூப்புகளில் "கண் வைத்தியத்தின் தந்தை முஸ்லிம்கள்தான்" என்று பக்தாத் அலீ இப்னு ஈஸாவின் பெயரைப் போட்டு அடிக்கடி பகிர்வார்கள். பொய் இல்லை. ஆயிரம் வருடம் முந்திய அவருடைய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' கண் வைத்தியர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பாடநூல். அதில் ஒரு இடத்தில் நெற்றிப் பொட்டு வீக்கத்தையும் பார்வை இழப்பையும் அவர் சேர்த்துப் பேசுகிறார். இன்று அதே இடத்து இரத்தக் குழாய் அழற்சியால் முதியவர்களுக்குத் திடீரென்று பார்வை போகும் ஒரு நோய் இருக்கிறது, அதன் முதல் குறிப்பு இதுதான் என்று வைத்திய வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். அதாவது கண்ணைப் பார்க்கும்போது கண்ணோடு நின்றுவிடாதே என்ற பாடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. படத்தை 'ஷெயார்' பண்ணுகிறோம். உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போக மட்டும் எங்களுக்கு நேரம் இல்லை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். பலரும் என்னிடம் கேட்டது இதைப் பற்றித்தான்.

மாமியின் மூட்டுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின். பெயரின் கடைசியில் இருக்கும் 'குயின்' என்ன என்று பார்த்தீர்களா? கொயினா. அந்தக் கைப்பு மருந்து. வரலாற்றுப் பாடத்தில் பெருந்தோட்டம் படிப்பிக்கும்போது "கோப்பி, சிங்கோனா, தேயிலை" என்று கரும்பலகையில் எழுதுவேன். கோப்பிக்கு ஒரு பாடவேளை, தேயிலைக்கு இரண்டு பாடவேளை. நடுவில் இருக்கும் சிங்கோனா ஒரே வரியில் போய்விடும். பத்து வருடம் அப்படித்தான் படிப்பித்தேன்.

சிங்கோனா தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை மரம். அதன் பட்டையில் கொயினா இருக்கிறது, கொயினா மலேரியாவை அடக்கும். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆட்சி செய்ய வந்த ஐரோப்பியர்களுக்குப் பீரங்கி அளவுக்கு அதுவும் தேவைப்பட்டது. கிளமென்ற்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் விதையும் கன்றும் அங்கிருந்து எடுத்து வரப்பட்டன. அவற்றை நட்டு வளர்க்க நுவரெலியாவுக்குப் பக்கத்தில் 1861இல் திறந்ததுதான் ஹக்கல தோட்டம். இன்று பாடசாலைச் சுற்றுலா போய் ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோமே, அது பிறந்தது மருந்து மரத்துக்காக. முதலில் தோட்டத்துரைமார் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. கோப்பியில் நல்ல காசு. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகச் செத்தபோதுதான் சிங்கோனா பக்கம் ஓடினார்கள். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து ஒரு வருடத்தில் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. உலகச் சந்தை நிரம்பி வழிந்தது, விலை சரிந்து விழுந்தது. அதோடு டச்சுக்காரர் யாவாவில் கொயினா அதிகம் உள்ள நல்ல இன மரத்தை வளர்த்துவிட்டார்கள். இங்கே மரத்தைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். பிறகு 1934, 35இல் மலேரியா வந்து இந்த நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனபோது, ஒரு காலம் உலகத்துக்குப் பட்டை ஏற்றிய நாடு கொயினாவை வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்தது. மூத்தம்மாக்கள் அந்தக் கைப்பைப் பற்றிச் சொன்னதை உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள்.

மலேரியா மருந்து மூட்டுக்கும் தோலுக்கும் எப்படி வந்தது? 1894இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் பெயின் என்ற வைத்தியர், முகத்தில் சிவந்து படரும் லூபஸ் நோய்க்குக் கொயினா கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். அது பெரிதாகப் பேசப்படவில்லை. பேச வைத்தது யுத்தம். 1942இல் ஜப்பான் யாவாவைப் பிடித்தது. உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. மலேரியாக் காட்டில் சண்டை பிடித்த நேசநாட்டுச் சிப்பாய்களுக்கு ஆய்வுகூடத்தில் செய்த மெபாக்ரின் என்ற மாத்திரையை இலட்சக்கணக்கில் கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகும் என்று சிப்பாய்கள் புறுபுறுத்தார்கள். ஆனால் மூட்டு நோயும் தோல் நோயும் இருந்த சிலருக்கு அதில் சுகம் தெரிந்தது. 1951இல் பிரான்சிஸ் பேஜ் என்ற டொக்டர் 18 லூபஸ் நோயாளிகளுக்கு மெபாக்ரின் கொடுத்த விபரத்தை 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார். அதற்குப் பிறகு அதே தேடலில் பிறந்த குளோரோகுயின் வந்தது. அதில் கொஞ்சம் மாற்றம் செய்து நஞ்சைக் குறைத்த ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினை அமெரிக்கா 1955இல் அனுமதித்தது. மாமியின் மாத்திரை பட்டையிலிருந்து எடுத்தது அல்ல, முழுக்க ஆய்வுகூடத்தில் செய்தது. ஆனால் கொயினாவுக்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்று புறப்பட்ட பாதையில்தான் அது கிடைத்தது.

1959இல் அதே 'லான்செற்'றில் ஹொப்ஸ், சோர்ஸ்பி, பிரீட்மன் என்ற மூவர் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். குளோரோகுயின் நீண்ட காலம் எடுத்தவர்களின் விழித்திரை பழுதாகிறது என்று. கண்ணுக்குப் பின்னால், பார்வையின் நடுப்புள்ளியைச் சுற்றி, வட்டமாக ஒரு இடம் தேய்ந்து போகிறது. ஆரம்பத்தில் ஆளுக்குத் தெரியவே தெரியாது. வாசிக்கும்போது ஓர் எழுத்து விடுபடுகிற மாதிரி, வட்டில் சோற்றுப் பருக்கை ஒரு பக்கம் மறைகிற மாதிரி. தெரிய வரும்போது போன இடம் திரும்ப வராது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குக் கொஞ்ச தூரம் தொடரும்.

இங்கேதான் எங்கள் ஊரில் இரண்டு பிழை நடக்கிறது. இரண்டையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒன்று, கிளினிக் கொப்பியைக் காட்டி மாதாமாதம் மாத்திரையை எடுத்துக்கொண்டு, கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த துண்டை அலுமாரியில் வைத்துவிடுவது. "கண் நல்லாத்தானே தெரியுது" என்பார்கள். நல்லாகத் தெரியும்போதுதான் போக வேண்டும்.

மற்றது இதற்கு நேர் எதிர். என்னோடு படித்த ஒரு பிள்ளைக்கு லூபஸ். மாத்திரையில் நல்ல சுகமாக இருந்தாள். "இது கண்ணைக் குருடாக்கும்" என்று யாரோ வொய்ஸ் கட் அனுப்பினார்கள். பயந்து யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினாள். சில மாதத்தில் முகத்தில் சிவப்பு திரும்ப வந்தது, கால் வீங்கியது, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. வார்டில் கிடந்தபோதும் என்னிடம் கேட்டது, "எனக்குக் கண் போகாதுதானே?" என்றுதான்.

அந்தப் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது, சொல்கிறேன். 2014இல் அமெரிக்காவில் இந்த மாத்திரையை ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்த 2,361 பேரின் விபரத்தைப் பார்த்தார்கள். உடம்பு நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள் எடுத்தவர்களில், பத்து வருடம் வரைக்கும் விழித்திரை பழுதானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருடம் தாண்டினால் அது நூற்றுக்கு இருபதை நெருங்குகிறது. இதை வைத்து அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் 2016இல் வழிமுறை வெளியிட்டது. மாத்திரை தொடங்கி முதல் வருடத்துக்குள் ஒருதரம் கண்ணைக் காட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒருதரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிபன் எடுப்பவர்களும் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஆசிய நாட்டவர்களில் பலருக்குப் பழுது நடுப்புள்ளியைவிடக் கொஞ்சம் விலகித் தொடங்குவதால் விழித்திரையின் வெளிப்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கணக்கு வீட்டிலேயே போடலாம். 40 கிலோ உள்ளவருக்கு 5ஆல் பெருக்கினால் 200 மில்லிகிராம். அது ஒரு மாத்திரை. எங்கள் உம்மாமாரில் நிறையப் பேர் மெலிந்தவர்கள், அவர்களுக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை கூடிப் போகலாம். கூடியிருந்தால் நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறையை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நிறுத்துவதும் அப்படித்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இதுதான் மருந்து என்று உலகம் முழுக்க ஓடி வாங்கினார்களே, அதுவும் இதே மாத்திரை. அமெரிக்காவில் மார்ச்சில் அவசர அனுமதி கொடுத்து ஜூனில் திரும்ப எடுத்தார்கள். கொரோனாவுக்கு அது உதவவில்லை. நடுவில் லூபஸ் நோயாளிகள் பல நாடுகளில் பார்மசி பார்மசியாக அலைந்தார்கள். யாவா விழுந்தபோது சிப்பாய்க்குத் தட்டுப்பாடு, கொரோனாவில் நோயாளிக்குத் தட்டுப்பாடு.

ஸ்டீரொயிட் மாத்திரைக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் என்ற டொக்டர், மூட்டுவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் எழுந்து நடந்தாள். இரண்டே வருடத்தில் நோபல் பரிசு. 1960இல்தான், நீண்ட காலம் அதை எடுத்த மூட்டுவாதக்காரர்களுக்குக் கண் வில்லையின் பின்பக்கத்தில் கற்றரெக்ட் வருகிறது என்று எழுதினார்கள். கண்ணின் அழுத்தமும் சிலருக்குக் கூடும். கிளினிக்கில் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மூட்டுவாதமோ லூபஸோ உள்ள ஒருவருக்குக் கண் கடுமையாகச் சிவந்து, ஆழத்தில் குடைகிற மாதிரி வலித்து, இரவில் நித்திரையைக் குழப்பினால் அது சாதாரணக் கண்நோய் இல்லை. கண்ணின் வெள்ளைச் சுவரே அழற்சியாகியிருக்கலாம். சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். திடீரென்று ஒரு கண் மங்கினாலும் அப்படித்தான்.

மாமிக்கு இப்போது மாத்திரை தொடங்கி ஆறு வருடம். கண்ணீர் திரும்பவில்லை. சுரப்பி அழிந்தால் அழிந்ததுதான். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு தொழுகைக்கும் ஒருதரம் என்று கணக்கு வைத்துப் போடுகிறார், நேரம் மறக்காதாம். மின்விசிறிக்கு நேரே படுப்பதில்லை. பைப்பைத் திருகுகிறார். மவுத்து வீட்டில் அப்படிப் பேசியவரிடம் நான்தான் ஒருநாள் போய் அந்தக் கடதாசிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ரெண்டு வருஷமா வாய் காயுது டீச்சர்" என்றார். போன கிழமை கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

போன மாதம் மாமியை வருடாந்தக் கண் பரிசோதனைக்கு நான் கூட்டிப் போனேன். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, எங்கே சிறு வெளிச்சம் தெரிந்தாலும் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும். வெளியில் வந்ததும் எத்தனை வெளிச்சம் கண்டீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணல்ல மகள்," என்றார். "கண்டதுக்கெல்லாம் அமத்தினேன்."